பேட்டர்ன் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கையில் தேடல் பிசகினால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஒரு பெரிய உரையில் ஆயிரக்கணக்கான பேட்டர்ன்களை (தேட வேண்டிய எழுத்துத் தொடர்களை), உரையைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டு, நிரலின் பல த்ரெட்கள் (இணையாக ஓடும் கிளைகள்) ஒரே நேரத்தில் தேடுகின்றன. தேடல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டியலில் சில பேட்டர்ன்கள் சேர்கின்றன, சில நீங்குகின்றன. நெட்வொர்க் ஊடுருவலைக் கண்காணிக்கும் மென்பொருள், வைரஸ் ஸ்கேனர், செய்திகளில் பெயர்களைத் தேடும் சேவை என்று எதை எடுத்தாலும் அடியில் நடப்பது இந்த வேலைதான்.

பட்டியல் மாறாமல் இருந்தால் இது 1975-லேயே தீர்ந்துபோன கணக்கு. பெல் ஆய்வகத்தில் ஆல்ஃபிரட் ஏஹோவும் மார்கரெட் கோராசிக்கும் கொடுத்த ஆட்டோமேட்டன் (ஒவ்வொரு எழுத்தைப் படித்ததும் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு நகரும் அமைப்பு), உரையை ஒரே ஒருமுறை படித்து எல்லா பேட்டர்ன்களையும் கண்டுபிடித்துவிடும். பட்டியல் மாறுவதும் த்ரெட்கள் பலவாவதும் ஒன்றுசேரும்போதுதான் தொல்லை. தனித்தனியே சரியாக ஓடும் பகுதிகள் சேர்ந்ததும் தவறான விடை தரும். அந்தத் தவறு பெரும்பாலும் எந்தப் பிழைச் செய்தியும் தராது. பொருத்தம் ஒன்று விட்டுப்போனால் நிரல் விழாது, லாகில் எதுவும் வராது. அதனால்தான் இந்த வகைப் பிழைகளை அறிகுறியை வைத்துப் பிடிக்கப் பழக வேண்டும்.

## கைவைப்பதற்கு முன்

முதலில் எது சரியான விடை என்று முடிவு செய்யுங்கள். தேடல் பாதியில் இருக்கும்போது ஒரு பேட்டர்ன் சேர்ந்தால், மீதிப் பாதியில் அது தெரிய வேண்டுமா, வேண்டாமா? இதற்குப் பதில் எழுதி வைக்காத குழுவில் பிழை தேடுவது வீண். "இது பிழை" என்று ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு "எதிர்பார்த்ததுதான்" ஆகிவிடும். நான் பரிந்துரைப்பது ஒரே விதி: தேடல் தொடங்கும் கணத்தில் பட்டியலின் எந்தப் பதிப்பு நடப்பில் இருந்ததோ, கடைசித் துண்டு முடியும்வரை அதே பதிப்பு. கீழே வரும் தீர்வுகளில் பாதி இந்த விதியைக் கறாராகக் கடைப்பிடிப்பதுதான்.

அடுத்து, மெதுவாக ஆனால் நிச்சயம் சரியாக ஓடும் ஒரு நிரல் வேண்டும். ஒவ்வொரு பேட்டர்னையும் உரையின் ஒவ்வொரு இடத்திலும் நேரடியாக ஒப்பிடும் பத்து வரி நிரல் போதும். விடைகளை ஒப்பிடுமுன் இரண்டு பக்கமும் இடம், பேட்டர்ன் எண் என்ற வரிசையில் அடுக்கிக்கொள்ளுங்கள். த்ரெட்கள் முடியும் வரிசை ஒவ்வொரு முறையும் வேறாக இருப்பதைப் பிழை என்று எண்ணி நேரத்தைத் தொலைப்பவர்கள் நிறைய.

சரி, இப்போது மூன்று ஓட்டங்கள். பட்டியலை உறைய வைத்து ஒரே த்ரெட்டில் ஓட்டுங்கள். அதே உறைந்த பட்டியலைப் பல த்ரெட்களில் ஓட்டுங்கள். பிறகு ஒரே த்ரெட்டில், தேடல்களுக்கு நடுவே பட்டியலை மாற்றி ஓட்டுங்கள். முதலாவதே தவறினால் ஆட்டோமேட்டனில் கோளாறு. இரண்டாவது மட்டும் தவறினால் துண்டு பிரிப்பில். மூன்றாவது மட்டும் தவறினால் சேர்ப்பு, நீக்கத்தில். மூன்றும் சரியாக வந்து, நிஜ ஓட்டத்தில் மட்டும் தவறினால் பதிப்பு கைமாறும் இடத்தைப் பாருங்கள்.

## புதிதாகச் சேர்த்த பேட்டர்ன் சில உரைகளில் கிடைக்கிறது, சிலவற்றில் கிடைக்கவில்லை

மூன்றாவது ஓட்டம் தவறுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இது. எனக்குத் தெரிந்தவரை இந்தத் துறையில் அதிகம் ஏமாற்றும் பிழையும் இதுவே.

பட்டியலில் "தலைநகர்" ஏற்கெனவே இருக்கிறது. இப்போது "நகரம்" சேர்க்கிறீர்கள். "பெருநகரம்" என்ற உரையில் அது கிடைக்கிறது. "தலைநகரம்" என்ற உரையில் கிடைக்கவில்லை. ஏன்?

ஆட்டோமேட்டன் எல்லா பேட்டர்ன்களையும் வேரிலிருந்து எழுத்து எழுத்தாகக் கிளைக்கும் ஒரு மரமாக (ட்ரை) வைத்திருக்கிறது, அதன் ஒவ்வொரு முனையும் ஒரு நோடு. அது "தலைநகரம்" என்பதைப் படிக்கும்போது "தலைநகர்" போகும் பாதையில் இறங்குகிறது. "தலைநகர" வரை பொருந்தி, அடுத்து புள்ளிக்குப் பதில் "ம" வந்ததும் தடுமாறுகிறது. அந்த இடத்தில் ஃபெயில்யூர் லிங்க் (வழி அடைபட்டால் எந்த நோடுக்குத் தாவ வேண்டும் என்ற குறிப்பு) அதை "நகர" என்ற நோடுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் "தலைநகர்" சேர்த்த நாளில் "நகர" என்ற நோடே கிடையாது, அதனால் அந்த லிங்க் வேரைக் காட்டுகிறது. புதிய பேட்டர்னைச் சேர்த்தவர் புதிய நோடுகளின் லிங்குகளை மட்டும் கணக்கிட்டுவிட்டு, பழைய நோடுகளின் லிங்குகளைத் தொடாமல் விட்டுவிட்டார். ஆட்டோமேட்டன் வேருக்குப் போகிறது, "நகரம்" தவறிப்போகிறது.

உறுதிசெய்வது எளிது. அதே பட்டியலை வைத்து ஆட்டோமேட்டனை முழுவதும் புதிதாகக் கட்டி, இரண்டிலும் ஒவ்வொரு நோடின் ஃபெயில்யூர் லிங்க்கையும் ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் இதுதான் காரணம். லிங்குகளை முன்கூட்டியே அட்டவணையில் கரைத்துவிட்ட வடிவத்திலும் இதே கோளாறு வரும், அங்கே அட்டவணைக் கட்டங்களை ஒப்பிட வேண்டும்.

தீர்வு மூன்று வகை. பட்டியல் சிறிதாக, மாற்றம் அரிதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் முழுவதும் கட்டிவிடுங்கள், வேறு எதையும் யோசிக்காதீர்கள். மாற்றம் அடிக்கடி வந்தால் ஒவ்வொரு நோடுக்கும் "என்னை நோக்கி லிங்க் வைத்திருப்பவர் யார்" என்ற தலைகீழ்ப் பட்டியலையும் வைத்துக்கொண்டு, புதிய நோடு முளைக்கும்போது பாதிக்கப்படும் பழைய நோடுகளை மட்டும் திருத்தலாம். ஒரே சேர்ப்பு ஆயிரக்கணக்கான நோடுகளைத் திருத்த வைக்கும் சூழலும் வரும் என்பதை மறக்க வேண்டாம். மூன்றாவது வழி ஃபெயில்யூர் லிங்க்கையே தூக்கிவிடுவது. ஜிபியுக்களுக்காக (கிராஃபிக்ஸ் செயலிகளுக்காக) 2010-ல் வந்த பிஎஃப்ஏசி முறை இப்படித்தான்: உரையின் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு த்ரெட், அது அந்த இடத்தில் தொடங்கும் பேட்டர்ன்களை மட்டும் ட்ரையில் இறங்கித் தேடும், வழி அடைபட்டதும் நின்றுவிடும். லிங்க் இல்லாததால் ஒரு பேட்டர்னைச் சேர்ப்பது அந்தப் பேட்டர்னின் பாதையை மட்டுமே தொடும். அடிக்கடி மாறும் பட்டியலுக்கு இந்த முறை எவ்வளவு இணக்கமானது என்பது போதுமான அளவு பேசப்படவில்லை என்றே நினைக்கிறேன். நீளமான, ஒன்றையொன்று ஒத்த தொடக்கங்கள் கொண்ட பேட்டர்ன்கள் நிறைய இருந்தால் மட்டும் வேகம் அடிபடும்.

கோட்பாட்டில் இதற்கு 1991-லிருந்து நல்ல வேலைகள் உண்டு. அமிஹூத் அமிரும் மார்ட்டின் ஃபரக்கும் சஃபிக்ஸ் ட்ரீயை (எழுத்துத் தொடரின் எல்லாப் பின்பகுதிகளையும் அடக்கிய மரத்தை) வைத்து மாறும் பட்டியலைக் கையாண்டார்கள். 1996-ல் சாஹினால்ப்பும் உசி விஷ்கினும் உரைத் துண்டுகளுக்குப் பெயரிடும் உத்தியால் அதை மேலும் கொண்டுபோனார்கள். படித்துப் பாருங்கள், ஆனால் உற்பத்திச் சூழலில் பெரும்பாலோர் கடைசியில் வந்து நிற்பது கீழே சொல்லப்போகும் இரண்டடுக்கு ஏற்பாட்டில்தான்.

## நீளமான பேட்டர்ன் கிடைக்கிறது, அதன் வாலில் இருக்கும் குட்டிப் பேட்டர்ன் கிடைக்கவில்லை

"பெருங்கடல்", "கடல்" இரண்டும் பட்டியலில் உண்டு. உரையில் "பெருங்கடல்" வரும்போது ஒரு பொருத்தம் மட்டும் பதிவாகிறது. ஒரு நோடில் பேட்டர்ன் முடிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, அங்கிருந்து ஃபெயில்யூர் லிங்க் வழியே போய் வேறு பேட்டர்ன்களும் முடிகின்றனவா என்று பார்க்காததன் விளைவு. பட்டியல் மாறும் நிரல்களில் இதற்கு ஒரு கிளைக் காரணமும் உண்டு: விடைப் பட்டியலை நோடிலேயே நகலெடுத்து வைத்திருந்தால், பின்னால் சேர்ந்த குட்டிப் பேட்டர்ன் அந்த நகலில் இருக்காது. நகல் வேண்டாம், அடுத்த விடை நோடுக்கு ஒரு லிங்க் மட்டும் வையுங்கள். சேர்ப்பு, நீக்கத்தின்போது அதைத் திருத்துவது எளிது.

## த்ரெட் எண்ணிக்கையை மாற்றினால் விடை மாறுகிறது

இரண்டாவது ஓட்டத்தில் தவறியவர்கள் இங்கே வாருங்கள். த்ரெட்கள் கூடக்கூடப் பொருத்தங்கள் குறைகின்றனவா, கூடுகின்றனவா என்று முதலில் பாருங்கள். குறைந்தால் துண்டுகளின் எல்லையில் கிடக்கும் பொருத்தங்கள் தவறுகின்றன. கூடினால் எல்லையில் இருப்பவை இரண்டு முறை எண்ணப்படுகின்றன.

சரியான ஏற்பாடு இது. ஒவ்வொரு த்ரெட்டும் தன் துண்டின் தொடக்கத்துக்குச் சற்று முன்பிருந்தே படிக்கத் தொடங்க வேண்டும். எவ்வளவு முன்பு? மிக நீளமான பேட்டர்னின் நீளத்தில் ஒன்று குறைவு. அங்கே வேரிலிருந்து தொடங்கிப் படித்துவந்தால், தன் துண்டுக்குள் முடியும் எந்தப் பொருத்தமும் தவறாது. அந்த முன்பகுதிக்குள்ளேயே முடியும் பொருத்தங்களை விட்டுவிட வேண்டும், அவை முந்தைய துண்டுக்காரருடையவை. ஒரு பொருத்தம் எங்கே முடிகிறதோ அந்தத் துண்டுக்கு அது சொந்தம் என்ற விதியை எல்லா த்ரெட்டும் கடைப்பிடித்தால் இரட்டை எண்ணிக்கைக்கு வழியே இல்லை. தொடக்க இடத்தை வைத்தும் விதி எழுதலாம், ஆனால் ஏதாவது ஒன்றை மட்டும். ஒரு குழுவில் தேடல் பகுதி முடியும் இடத்தையும் தொகுக்கும் பகுதி தொடங்கும் இடத்தையும் பார்த்தால், இரண்டும் தனித்தனியே சோதனையில் தேறிவிட்டு எல்லையில் மட்டும் சொதப்பும்.

இப்போது பட்டியல் மாறுவதைச் சேர்த்துப் பாருங்கள். இதுவரை மிக நீளமான பேட்டர்ன் 40 பைட். முன்பகுதி 39 பைட் என்று ஒரு பொது மாறியில் எழுதி வைத்தாகிவிட்டது. இப்போது 200 பைட் நீளமுள்ள ஒன்று சேர்கிறது. ஆட்டோமேட்டன் புதியது, முன்பகுதியின் அளவோ பழையது. எல்லைகளைத் தாண்டிக் கிடக்கும் நீளமான பொருத்தங்கள் மட்டும், சில தேடல்களில் மட்டும் தவறும். இதைத் திரும்ப நிகழ்த்திக் காட்டுவது கடினம், ஏனென்றால் அடுத்த தேடலில் மாறி திருந்தியிருக்கும்.

மிக நீளமான பேட்டர்னின் அளவு தனி மாறி அல்ல, அது பதிப்பின் ஒரு பகுதி. ஆட்டோமேட்டன், அந்த நீளம், நீக்கப்பட்டவற்றின் பட்டியல், பேட்டர்ன் எண்ணிலிருந்து பெயருக்குப் போகும் அட்டவணை, ஹாஷ் முறையில் தேடினால் (கீழே வருகிறது) நீளவாரி ஹாஷ் அட்டவணைகள் எல்லாம் ஒரே பொருளுக்குள் இருக்க வேண்டும். கட்டி முடித்தபின் அந்தப் பொருளில் யாரும் எதையும் எழுதக் கூடாது. த்ரெட்டுக்கு அதன் ஒரே ஒரு பாயிண்டர் (மெமரியில் அது இருக்கும் முகவரி) மட்டும் போக வேண்டும். இதைச் செய்தாலே கீழே வரும் பல அறிகுறிகள் தோன்றாது.

ஒரு எச்சரிக்கை: துண்டு 4,096 பைட், மிக நீளமான பேட்டர்ன் 1,000 பைட் என்றால் ஒவ்வொரு த்ரெட்டும் கால்வாசி வேலையை வீணாகத் திரும்பச் செய்கிறது. துண்டைப் பெரிதாக்குங்கள், அல்லது மிக நீளமானவற்றை மட்டும் பிரித்துத் தனியே தேடுங்கள். நீளத்துக்கு எல்லையே இல்லாத ரெகுலர் எக்ஸ்பிரஷன்கள் இருந்தால் முன்பகுதி உத்தியே செல்லாது. ஒவ்வொரு துண்டும் ஆட்டோமேட்டனின் எல்லா ஸ்டேட்களிலிருந்தும் (நிலைகளிலிருந்தும்) எங்கே போய் முடிகிறது என்று கணக்கிட்டு, லாட்னரும் ஃபிஷரும் 1980-ல் விளக்கிய இணை முன்னொட்டுக் கணக்கால் சேர்க்க வேண்டும். ஸ்டேட்கள் சில நூறாக இருக்கும்வரைதான் அது கட்டுப்படியாகும்.

## உரை, பட்டியல், த்ரெட் எண்ணிக்கை எதுவும் மாறவில்லை, விடை மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு

ஒவ்வொரு பொருத்தத்துடனும் அதைக் கண்டுபிடித்த பதிப்பின் எண்ணையும் சேர்த்து எழுதச் செய்யுங்கள். ஒரே தேடலின் விடைகளில் இரண்டு எண்கள் தென்பட்டால் விஷயம் முடிந்தது. ஒவ்வொரு த்ரெட்டும் தன் துண்டைத் தொடங்கும்போது நடப்புப் பதிப்பின் பாயிண்டரை எடுக்கிறது, நடுவில் பதிப்பு மாறிவிட்டது. பாயிண்டரை எடுக்க வேண்டியவர் வேலையைப் பிரித்துக்கொடுப்பவர். அவர் எடுத்து, எல்லாத் துண்டுகளுக்கும் அதையே கொடுக்க வேண்டும்.

எண் ஒன்றேதான், ஆனாலும் விடை மாறுகிறதா? அப்படியானால் கட்டி முடிப்பதற்குள் பாயிண்டர் வெளியே தெரிந்துவிடுகிறது. எக்ஸ்86 கணினிகளில் ஒழுங்காக ஓடி, ஆர்ம் சர்வர்களில் மட்டும் இது தலைகாட்டினால் சந்தேகமே வேண்டாம். பாயிண்டரை மெமரியில் எழுதிப் பதிப்பை வெளியிடும் செயல் ரிலீஸ் வகையாகவும் (அதற்கு முன் எழுதியவை எல்லாம் முதலில் தெரியும்), அதைப் படித்து எடுக்கும் செயல் அக்வயர் வகையாகவும் (அதற்குப் பின் வரும் வாசிப்புகள் முந்தாது) இருக்க வேண்டும். த்ரெட்சானிடைசர் என்ற சோதனைக் கருவியைப் போட்டு ஓட்டினால் இப்படிப்பட்ட இடங்களைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஓட்டம் பல மடங்கு மெதுவாகும், பரவாயில்லை, சிறிய உரையை வைத்து ஓட்டுங்கள்.

## நீக்கிய பேட்டர்ன் திரும்ப வருகிறது, திரும்பச் சேர்த்தது வரமாட்டேன் என்கிறது

நீக்கம் சேர்ப்பைவிடக் கடினம். நோடை உடனே அழித்துவிட்டால் அதை நோக்கி லிங்க் வைத்திருக்கும் வேறு நோடுகள் அந்தரத்தில் தொங்கும், நிரல் எப்போதாவது விழும். அதனால் பெரும்பாலோர் "இது நீக்கப்பட்டது" என்று ஒரு அடையாளம் மட்டும் வைத்துவிட்டு, அடுத்த முழுக் கட்டுமானத்தில் உண்மையாக நீக்குவார்கள். நல்ல முறைதான். ஆனால் அடையாளத்தை எதன்மேல் வைக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும்.

பேட்டர்னின் எழுத்துகளையே சாவியாக வைத்து நீக்கப் பட்டியல் எழுதினால், காலையில் நீக்கி மாலையில் திரும்பச் சேர்த்த பேட்டர்ன் கிடைக்கவே கிடைக்காது. ஆட்டோமேட்டன் அதைக் கண்டுபிடிக்கிறது, நீக்கப் பட்டியல் அதைத் தின்றுவிடுகிறது. ஒவ்வொரு சேர்ப்புக்கும் புதிய எண் கொடுங்கள், நீக்க அடையாளத்தை அந்த எண்ணின்மேல் வையுங்கள்.

இதன் மறுபக்கம்: இரண்டு விதித் தொகுப்புகள் ஒரே பேட்டர்னைச் சேர்த்திருக்கின்றன, ஒன்று அதை நீக்கியதும் மற்றதற்கும் போய்விடுகிறது. நோடில் ஒற்றை எண் வைக்காமல் எண்களின் பட்டியல் வையுங்கள். "நகர்" நீக்கும்போது "நகரம்" பயன்படுத்தும் பொதுப் பாதையும் சேர்ந்து போய்விடாமலிருக்க, ஒவ்வொரு நோடிலும் அதைக் கடக்கும் பேட்டர்ன்களின் எண்ணிக்கை இருக்கட்டும்.

## ஹாஷ் வைத்துத் தேடுகிறோம், இல்லாத பொருத்தம் வருகிறது அல்லது இருப்பது தவறுகிறது

எழுத்துகளுக்குப் பதில் அவற்றிலிருந்து கணக்கிட்ட எண்ணை (ஹாஷை) ஒப்பிடும், 1987-ல் வெளியான கார்ப்–ரேபின் முறைக்கு மாறும் பட்டியல் பெரிய சுமையே அல்ல. பேட்டர்ன்களை நீளவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு ஹாஷ் அட்டவணை. சேர்ப்பதும் நீக்குவதும் ஓர் அட்டவணைச் செயல் மட்டுமே. ஆனால் இதில் வரும் பிழைகளுக்குத் தனி முகம் உண்டு.

இல்லாத பொருத்தம் வந்தால் ஹாஷின் அகலத்தைப் பாருங்கள். ஒரே நீளத்தில் ஒரு லட்சம் பேட்டர்ன்கள், 100 கோடி இடங்கள் கொண்ட உரை, 32 பிட் ஹாஷ் என்றால் தற்செயல் மோதல்கள் மட்டும் ஏறத்தாழ 23,000 எதிர்பார்க்கலாம். 2-இன் 61-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த பகா எண்ணை வகுஎண்ணாக வைத்தால் அது நடைமுறையில் சுழியம். அப்போதும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு உறுதிசெய்வதை நிறுத்தாதீர்கள்.

சின்னப் பேட்டர்ன்கள் சரி, நீளமானவை மட்டும் தவறுகின்றன என்றால் பெருக்கல் நிரம்பி வழிகிறது. 61 பிட் எண்கள் இரண்டைப் பெருக்க 128 பிட் இடைநிலை வேண்டும்.

ஒரு த்ரெட்டில் சரி, பல த்ரெட்களில் ஹாஷே மாறுகிறது என்றால் துண்டுகளின் ஹாஷ்களைச் சேர்க்கும் இடத்துக்குப் போங்கள். இடத் துண்டின் ஹாஷை, வலத் துண்டின் நீளத்துக்கேற்ற அடுக்கால் பெருக்கி, வலத் துண்டின் ஹாஷைக் கூட்ட வேண்டும். எந்த இரண்டை முதலில் சேர்த்தாலும் விடை ஒன்றுதான், ஆனால் இடமும் வலமும் இடம் மாறக் கூடாது. சி++17-இன் ரெட்யூஸ் செயல்பாடு இடவல மாற்றமும் செய்துகொள்ளலாம் என்று எண்ணி இயங்கும், அதில் இந்தக் கணக்கைக் கொடுத்தால் விடை நிலையாக வராது. இன்குளூசிவ் ஸ்கேன் வரிசையை மாற்றாது. கடைசித் துண்டில் மட்டும் தவறினால் வேறு காரணம்: வழக்கமான துண்டு நீளத்தையே எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறீர்கள், கடைசித் துண்டு சிறியது.

## பட்டியல் மாறியதும், பாதியில் நிற்கும் தரவோட்டங்களில் மட்டும் விசித்திரப் பொருத்தங்கள்

பாக்கெட் பாக்கெட்டாக வரும் தரவில், ஒரு பாக்கெட் முடிந்ததும் ஆட்டோமேட்டனின் ஸ்டேட் எண்ணைச் சேமித்து வைத்து, அடுத்தது வந்ததும் அங்கிருந்து தொடர்வோம். நடுவில் பதிப்பு மாறினால் பழைய ஆட்டோமேட்டனின் 5,120-ஆம் ஸ்டேட்டும் புதியதன் 5,120-ஆம் ஸ்டேட்டும் முற்றிலும் வேறு. நிரல் விழாது, பொய் சொல்லும். ஸ்டேட்டுடன் பதிப்பு எண்ணையும் சேமியுங்கள். எண் மாறியிருந்தால், கையில் வைத்திருக்கும் கடைசிப் பகுதியைப் புதிய ஆட்டோமேட்டனில் வேரிலிருந்து மறுபடி ஓட்டிவிட்டுத் தொடருங்கள். அதற்காக மிக நீளமான பேட்டர்னைவிட ஒன்று குறைவான பைட்களை எப்போதும் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும்.

இன்டெல் 2015-ல் திறந்த மூலமாக்கிய ஹைப்பர்ஸ்கேன் என்ற தேடல் நூலகத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு: ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி ஸ்க்ராட்ச் இடம் (தேடலின்போது பயன்படும் தற்காலிக மெமரி) வேண்டும், புதிய டேட்டாபேஸ் கட்டியதும் அந்த இடத்தை அதற்கேற்ப மறுபடி ஒதுக்க வேண்டும். ஸ்க்ராட்ச் பயன்பாட்டில் இருக்கிறது என்ற பிழை வந்தால் இரண்டு த்ரெட்கள் ஒன்றைப் பகிர்கின்றன.

## ஒவ்வொரு மாற்றத்துக்கும் மெமரி ஏறுகிறது, இறங்கவில்லை

ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் 256 கட்டங்கள், கட்டத்துக்கு 4 பைட் என்றால் ஒரு ஸ்டேட் 1 கேபி. பத்து லட்சம் ஸ்டேட்கள் ஏறத்தாழ 1 ஜிபி. பழைய பதிப்பும் புதியதும் சேர்ந்து இருக்கும் நேரத்தில் 2 ஜிபி. இது பிழையல்ல, இந்த முறையின் விலை. கிளாம்ஏவி என்ற வைரஸ் ஸ்கேனர் 2020-ல் 0.103 பதிப்பில், ஸ்கேன் நிற்காமல் பின்னணியில் டேட்டாபேஸை மாற்றும் வசதியைக் கொண்டுவந்தபோது, மாற்றும் நேரத்தில் மெமரி இருமடங்காகும் என்பதால் அதை அணைக்கவும் வழி வைத்தார்கள்.

இறங்காமல் ஏறிக்கொண்டே போனால், பழைய பதிப்பை யாரோ விடாமல் பிடித்திருக்கிறார்கள். லினக்ஸ் கெர்னல் 2002 முதல் பயன்படுத்தும் ஆர்சியு முறையில், எல்லா வாசகர்களும் விலகிய பின்தான் பழையது விடுவிக்கப்படும். சாக்கெட்டுக்காகக் காத்துக் கிடக்கும் ஒரே ஒரு த்ரெட் போதும், எல்லாப் பழைய பதிப்பும் தேங்கிவிடும். ஒவ்வொரு பதிப்பையும் எத்தனை தேடல்கள் எவ்வளவு நேரமாகப் பிடித்திருக்கின்றன என்று காட்டும் ஒரு எண் எப்போதும் கண்ணில் படும்படி வையுங்கள்.

## வேகம் தாறுமாறாக ஏறி இறங்குகிறது

மாற்றம் வரும் நேரத்தில் மட்டும் தேடல் நின்றால், கட்டுமானம் லாக்கைப் (மற்ற த்ரெட்களைக் காக்கவைக்கும் பூட்டைப்) பிடித்துக்கொண்டு நடக்கிறது. தனி த்ரெட்டில் கட்டி, கடைசியில் பாயிண்டரை மட்டும் மாற்றுங்கள். ஃபெயில்யூர் லிங்குகளை ஆழம் வாரியாகக் கணக்கிட்டால், ஒரே ஆழத்தில் உள்ள நோடுகளைப் பல த்ரெட்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். ஒரு நோடின் லிங்க் அதைவிட ஆழம் குறைந்தவற்றை மட்டுமே சார்ந்தது.

பென்ட்லியும் சாக்ஸும் 1980-ல் கொடுத்த முறைப்படி 1, 2, 4, 8 என்ற அளவுகளில் தனித்தனி ஆட்டோமேட்டன்கள் வைத்திருந்தால் இன்னொரு விசித்திரம் தெரியும். 1,023 பேட்டர்ன்கள் இருக்கும்போது பத்து ஆட்டோமேட்டன்கள், உரையைப் பத்து முறை படிக்க வேண்டும். இன்னொன்று சேர்ந்து 1,024 ஆனதும் ஒன்றே ஒன்று. பேட்டர்ன் சேர்த்தால் வேகம் கூடுகிறது என்று யாராவது சொன்னால் நம்புங்கள், இதுதான் காரணம். சேர்ப்புகளைவிடத் தேடல்கள் மிக அதிகம் என்றால் இரண்டடுக்கு போதும்: பெரிய நிலையான ஆட்டோமேட்டன் ஒன்று, சமீபத்திய மாற்றங்களுக்குக் குட்டி ஒன்று. குட்டி கேஷுக்குள் (செயலிக்கு அருகிலுள்ள சிறிய, வேகமான மெமரிக்குள்) அடங்காத அளவு வளர்ந்ததும் பின்னணியில் பெரியதோடு சேர்த்துவிடுங்கள். எனக்கு இதைவிடப் பிடித்த ஏற்பாடு இல்லை, பிழை வந்தாலும் எந்த அடுக்கில் என்று உடனே தெரிந்துவிடும்.

வூ–மேன்பர் முறையில் (உரையின் சில இடங்களைத் தாவித் தாவித் தேடும் முறை) ஒரே ஒரு குட்டிப் பேட்டர்ன் சேர்ந்ததும் எல்லாமே மெதுவாகும். அந்த முறையின் தாவல் தூரம் மிகச் சிறிய பேட்டர்னின் நீளத்தைத் தாண்ட முடியாது. குட்டிகளைப் பிரித்து வேறு முறையில் தேடுங்கள்.

## த்ரெட்கள் கூடின, வேகம் கூடவில்லை

பொருத்தங்களைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். வேகம் எகிறினால் தேடலில் கோளாறு இல்லை, எல்லா த்ரெட்டும் ஒரே விடைப் பட்டியலின் லாக்குக்காக வரிசையில் நிற்கின்றன. த்ரெட்டுக்கு ஒரு பட்டியல், கடைசியில் சேர்ப்பு. ஒவ்வொரு துண்டுக்கும் பதிப்பின் பயனர் எண்ணிக்கையைக் கூட்டிக் கழிக்கும் பாயிண்டரும் இதே நெரிசலைக் கொண்டுவரும், தேடலுக்கு ஒருமுறை போதும். த்ரெட்வாரி எண்ணிகள் ஒரே 64 பைட் கேஷ் வரியில் அடுத்தடுத்து இருந்தால் அதுவும் அப்படியே. லினக்ஸில் பெர்ஃப் கருவியின் சி2சி கட்டளை அந்த வரியையே சுட்டிக்காட்டும்.

பதிவை நிறுத்தியும் வேகம் வரவில்லை என்றால் ஆட்டோமேட்டன் கேஷில் அடங்கவில்லை, எல்லா த்ரெட்டும் மெமரிக்காகக் காத்திருக்கின்றன. கட்டங்களைச் சுருக்குவதுதான் வழி.

## தமிழ் உரையில் மட்டும் தவறுகிறது

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் "கொ"-வின் துணைக்குறி இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம்: யூனிகோடில் 3018 என்ற ஒற்றைக் குறியாக, அல்லது 3014, 3006 என்ற இரண்டு குறிகளாக. "கௌ"-வில் இன்னும் மோசம், வலப்பக்கக் குறிக்குப் பதிலாக "ள" என்ற எழுத்தையே தட்டியவர்கள் உண்டு. உரை, பேட்டர்ன் இரண்டையும் என்எஃப்சி வடிவுக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் சீர்வடிவுக்கு) கொண்டுவந்தால் முதல் சிக்கல் தீரும், "ள" தீராது, அதற்குத் தனி விதி எழுத வேண்டும். சேர்க்கும் வழி ஒன்றில் மட்டும் இந்த வடிவ மாற்றம் விட்டுப்போயிருப்பது வழக்கம்: தொடக்கத்தில் கோப்பிலிருந்து ஏற்றியவை ஒழுங்காக இருக்கும், ஓட்டத்தின்போது சேர்த்தவை மட்டும் கிடைக்காது.

"பட" என்று தேடினால் "படி", "படு" எல்லாம் சிக்குகின்றனவா? பைட் கணக்கில் அது சரியான பொருத்தம்தான், தமிழ்க் கணக்கில் தவறு. பொருத்தம் முடிந்த இடத்துக்கு அடுத்த குறி 3006 முதல் 3021 வரையோ 3031 ஆகவோ இருந்தால், அது துணைக்குறி அல்லது புள்ளி, பொருத்தத்தைத் தள்ளிவிடுங்கள். துண்டின் கடைசியில் முடியும் பொருத்தத்துக்கு அடுத்த துண்டின் முதல் 3 பைட்களை எட்டிப்பார்க்க வேண்டும். இதை மறந்தால் த்ரெட் எண்ணிக்கையைப் பொறுத்து விடை மாறும் அறிகுறி தமிழில் மட்டும் தோன்றும்.

வேகத்திலும் ஒரு விஷயம். யுடிஎஃப்-8-ல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. இரண்டு பைட்களைப் பார்த்துத் தாவும் வூ–மேன்பர் போன்ற முறைகளுக்கு மூன்றில் ஒரு இடத்தில் எந்தத் தகவலும் கிடைக்காது, தாவல் சுருங்கிவிடும். ஆனால் ஃபெயில்யூர் லிங்க் இல்லாத முறைக்கு இதுவே சாதகம். தமிழ்ப் பேட்டர்ன் எதுவும் 224 அல்லாத பைட்டில் தொடங்காது, அந்த இடங்களில் மட்டும் ட்ரையில் இறங்கினால் மூன்றில் இரண்டு பங்கு தொடக்கங்களைத் தொடாமலே விடலாம். வடிவம் மாற்றிய உரையில் கிடைத்த இடத்தை மூல உரையின் இடமாகத் திருப்பும் அட்டவணையைத் துண்டுவாரியாகக் கட்டினால், ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் எத்தனை பைட்கள் சுருங்கின என்ற கூட்டுத்தொகையையும் சேர்க்க வேண்டும். முதல் துண்டில் இடங்கள் சரியாக வந்து, பின்னால் போகப்போக விலகிக்கொண்டே போனால் அந்தக் கூட்டல்தான் விட்டுப்போயிருக்கிறது.